தராசும் தரப்புள்ளியும்

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் தொலைபேசியில் அழைத்தால் முதல் அரை மணி நேரம் அரசியலிலேயே போய்விடும். சென்ற மாதம் அழைத்தபோது அரசியலைத் தொடவே இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, ஒரு எண் பொய்யா, இல்லை ஒரு பையன் பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

விடயம் இதுதான். அவருடைய பழைய மாணவி ஒருத்தியின் மகன் தரம் 10 இல் படிக்கிறான். தாய் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். கொவிட் காலத்தில், 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களுக்கென்று வாங்கிய கைத்தொலைபேசியில் பையன் சதுரங்கம் பழகியிருக்கிறான். லிசெஸ் என்னும் இணையத்தளத்தில் அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் இன்று 1912 என்ற எண் நிற்கிறது. இதைத்தான் ரேட்டிங் என்கிறார்கள். நான் தரப்புள்ளி என்று எழுதுகிறேன்.

லயத்தில் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். ஆசிரியர் பெருமையோடு அவனைப் பட்டணத்தில் நடந்த ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றார். முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் தோற்றான். அவனை வென்றவர்களில் இருவர் அவனிலும் இளையவர்கள். மதிய இடைவேளையில் அங்கிருந்த பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "மெஷின் பார்த்து விளையாடிச் சேர்த்த புள்ளி இப்படித்தான் கரையும்" என்றாராம். பையன் மீதி ஆட்டங்களை ஆடாமலே வீடு திரும்பிவிட்டான். அதன் பிறகு தொலைபேசியிலும் ஆடுவதில்லை.

நான் சதுரங்க வல்லுநன் அல்லன். ஆனால் பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளாக எண்களோடு மல்லுக்கட்டியவன். விற்பனைப் பிரதிகள், வாக்கு எண்ணிக்கை, விளைச்சல், வேலையில்லாதோர் தொகை என்று எத்தனையோ எண்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. எண் ஒன்று வந்தால், யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தரப்புள்ளி என்பதைக் கணக்காக வகுத்துத் தந்தவர் ஆர்பட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960 இலும், உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 1970 இலும் ஏற்றுக்கொண்டன. உள்ளே இருக்கும் கருத்து எளிமையானது. இருவருக்கும் இடையில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் உயர்ந்தவர் ஏறத்தாழ 76 ஆட்டங்களுக்குரிய புள்ளிகளை எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததைவிடக் கூட எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் தனித்து நின்று எதையும் சொல்வதில்லை என்பது. ஒருவருடைய உயரத்தை அளப்பது போன்ற அளவை அன்று இது. இன்னாரோடு ஆடினால் இவ்வளவு எடுப்பார் என்ற ஒப்பீடு மட்டுமே. ஈலோ தம் முறையைப் பற்றிப் பெருமையடிக்கவும் இல்லை. கலங்கிய நீரில் ஏறி இறங்கும் ஒரு தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டார். கண்டுபிடித்தவரே இப்படிச் சொன்ன ஒன்றைத்தான் இன்று பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிவிட்டிருக்கிறோம்.

யாரோடு ஆடிப் பெற்ற புள்ளி என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. வேர்ஜீனியா மாநிலச் சிறையில் கிளாட் பிளட்குட் என்ற ஆயுட்கைதி இருந்தார். சக கைதிகளைக் கூட்டிப் போட்டிகள் நடத்தி, அவர்களோடு ஆயிரக்கணக்கில் ஆடினார். 1990களின் நடுப்பகுதியில் அவருடைய அமெரிக்கத் தரப்புள்ளி 2700ஐத் தாண்டி, அந்த நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்குச் சமமாக நின்றது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பதில் இரு கருத்துண்டு. ஆனால் கணக்கில் பிழை இல்லை. ஆடியவர்கள் ஒரு மதிலுக்குள் அடைபட்டிருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வந்து அந்த எண்ணைச் சோதிக்கவில்லை.

இணையத்துக்கு வருவோம். ஒவ்வொரு தளமும் ஒரு தனி மதில். லிசெஸ் தளத்தில் புதிதாகச் சேரும் எவரும் 1500 இல் தொடங்குகிறார். செஸ்.கொம் தளத்தில் சேர்பவர் தாம் தொடக்கநிலையா, அனுபவசாலியா என்று சொல்லும் பதிலைப் பொறுத்து வேறு வேறு எண்களில் தொடங்குகிறார். கணக்கு முறையும் முழுக்க ஒன்றல்ல. ஒரே ஆள், ஒரே வாரத்தில், இரண்டு தளங்களிலும் ஆடினால் இரண்டு எண்கள் வரும். மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஓர் எண், பத்து நிமிட ஆட்டத்துக்கு இன்னோர் எண் என்று ஒரே தளத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஃபிடே தரும் நீண்ட நேர ஆட்டத் தரப்புள்ளி இவை எல்லாவற்றிலும் வேறானது. 1912 என்று எழுதும்போது எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஆனால் இலங்கை ரூபாயையும் இந்திய ரூபாயையும் ஒன்றாகக் கூட்டும் கணக்கப்பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தளங்கள் கையாளும் கணக்கு, ஈலோவின் கணக்கைவிட ஒருவகையில் நேர்மையானது. மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1990களில் வகுத்த கிளிக்கோ முறையிலிருந்து வந்தது அது. ஒவ்வோர் எண்ணோடும், இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற இன்னோர் அளவையும் அது வைத்திருக்கிறது. குறைவாக ஆடியவரின் எண்ணுக்குப் பக்கத்தில் லிசெஸ் ஒரு கேள்விக்குறி போடுகிறது. கணக்கு தன் ஐயத்தைத் தானே சொல்கிறது. நாம்தான் எண்ணை வாசித்துவிட்டுக் கேள்விக்குறியை விட்டுவிடுகிறோம்.

அப்படியென்றால் மரப்பலகையில் பெறும் ஃபிடே தரப்புள்ளி முற்றும் நம்பத்தக்கதா? அதுவும் இல்லை. கொவிட் காலத்தில் போட்டிகள் நின்றுபோயின. ஆனால் பிள்ளைகள் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடி வளர்ந்தார்கள். மண்டபங்கள் திறந்தபோது, காகிதத்தில் 1200 என்றிருந்த சிறுவர்கள் 1700, 1800 காரர்களை உட்கார வைத்துத் தோற்கடித்தார்கள். இந்தியாவில் ஆடப்போன வெளிநாட்டார் பலர் புள்ளிகளைப் பறிகொடுத்துப் புலம்பியது நினைவிருக்கலாம். கீழ்மட்டத் தரப்புள்ளிகள் நெடுங்காலமாகவே சுருங்கி நலிந்திருந்தன என்பதை ஃபிடேயும் ஏற்றது. 2024 மார்ச் 1ஆம் திகதி, 2000க்குக் கீழிருந்த எல்லோருடைய எண்ணையும் ஒரே நாளில் உயர்த்தியது. முதல் நாள் இரவு 1500 ஆகப் படுத்தவர் மறுநாள் காலை 1700 ஆக எழுந்தார். அவருடைய ஆட்டம் அந்த ஓர் இரவில் மாறிவிடவில்லை.

இனி அந்தப் பெரியவரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலையில் பால் வெட்டி வாளியில் கொண்டுவந்து கொடுக்கும்போது லீற்றரை மட்டும் பார்த்துக் கணக்கெழுதுவதில்லை. பாலில் தண்ணீர் கலந்தால் லீற்றர் கூடும்; இறப்பர் கூடாது. அதற்காகவே மிதக்கும் கருவி ஒன்றைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இணையச் சதுரங்கத்தில் தண்ணீர் கலப்பது இதைவிடச் சுலபம். உலகச் சம்பியனையும் வெல்லக்கூடிய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு திரையில் ஆட்டம், மறு திரையில் மென்பொருள், முடிந்தது காரியம்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜூன் மாதம், இந்தியாவில் கொவிட் நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலரோடு இணையத்தில் ஒரே நேரத்தில் ஆடினார். அவரை வென்ற ஒரே ஆள், செரோதா நிறுவனத்தை இணைந்து தொடங்கிய நிகில் காமத். ஐந்து முறை உலகச் சம்பியனை ஒரு தொழிலதிபர் வென்றது எப்படி என்று ஊரெல்லாம் கேள்வி எழ, மறுநாளே, ஆட்டத்தை ஆராய்பவர்களின் உதவியும் கணினியின் உதவியும் பெற்றதாக அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். நம்ம ஊர் ஆனந்த் பலகையில் இருந்ததைத்தான் ஆடினார். எதிரில் இருந்தது காமத் மட்டுமல்ல என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அதே ஆண்டு மார்ச்சில் இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. தாதாங் சுபுர் என்ற மனிதரின் இணையக் கணக்கு, குறுகிய காலத்தில் மளமளவென்று ஏறி, லெவி ரொஸ்மன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரரை வென்றது. கணக்கு முடக்கப்பட்டது. அந்நாட்டு இரசிகர்கள் கொதித்தெழுந்து ரொஸ்மனைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் மார்ச் 22ஆம் திகதி, சுபுரை மரப்பலகைக்கு முன்னால், நேருக்கு நேர், ஐரீன் சுகந்தர் என்ற இந்தோனேசியப் பெண் வல்லுநரோடு உட்கார வைத்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரலையில் பார்த்தார்கள். மூன்று ஆட்டங்களிலும் சுபுர் தோற்றார். இணைய எண் எவ்வளவு வெறுமையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சான்றையே எடுத்துக்கொண்டு, இணையத்தில் உயர்ந்த எண், பலகையில் தோல்வி, ஆகவே கள்ளம் என்று முடிவுகட்டுவது சரியா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். தளங்கள் கள்ளம் பிடிக்கும்போது ஒருவருடைய நகர்வுகளை மென்பொருளின் நகர்வுகளோடு ஒப்பிடுகின்றன; ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரத்தைப் பார்க்கின்றன; பல ஆட்டங்களைச் சேர்த்து ஆராய்கின்றன. அத்தனைக்குப் பிறகும் அது நிகழ்தகவுதான். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நின்று நான்கு ஆட்ட முடிவுகளை வைத்துச் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை.

நிறுவப்படாத ஐயம் என்ன செய்யும் என்பதையும் சதுரங்க உலகம் பார்த்துவிட்டது. முன்னாள் உலகச் சம்பியன் விளாடிமிர் கிராம்னிக், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டானியல் நரோதிட்ஸ்கியின் இணைய ஆட்டங்கள் மீது 2024 முதல் பகிரங்கமாக ஐயம் எழுப்பி வந்தார். எந்தக் குற்றமும் நிறுவப்படவில்லை. நரோதிட்ஸ்கி அதை மறுத்தே வந்தார். அது தம்மை எவ்வளவு வாட்டியது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஒக்டோபரில் 29 வயதில் அவர் காலமானார். மரணத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒருவரையே இப்படி அலைக்கழித்த சொல், பதினைந்து வயதுத் தோட்டப் பையன் மீது விழுந்தால் என்னவாகும் என்று கேட்க உரிமை உண்டு.

யட்டியாந்தோட்டைப் பையனின் கதையில் உண்மையில் நடந்தது என்ன? ஆசிரியரிடம் துருவித் துருவிக் கேட்டேன். அவனுடைய 1912, மூன்று நிமிட, ஐந்து நிமிட ஆட்டங்களில் பெற்றது. போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அன்றைக்கு முன்னர் அவன் மரக்காய்களைத் தொட்டு ஓர் ஆட்டமேனும் முழுமையாக ஆடியதில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி தெரியாமல் முதல் ஆட்டத்தில் இராணியை இழந்தான். இரண்டாவதில் மணிக்கூட்டை அழுத்த மறந்தான். நகர்வுகளை எழுதத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் பக்கத்து மேசையைப் பார்த்தான். அதையும் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள். திரையில் மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பலகை படுத்துக் கிடப்பது போலத் தெரிந்ததாம். இவற்றில் எதுவும் கள்ளத்துக்குச் சாட்சி ஆகாது.

இன்னொன்றும் சொன்னார். லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளில் மழை எப்படிப் பெய்யும் என்பது அங்கு பிறந்தவர்களுக்குத் தெரியும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. மழை வந்தால் பால்வெட்டு நிற்கும், இணைப்பும் நிற்கும். ஆட்டத்தின் நடுவில் இணைப்பு அறுந்தால் கடிகாரம் காத்திருக்காது. வெல்லும் நிலையில் இருந்தாலும் தோல்வி என்றே பதிவாகும். ஆக அந்த 1912, அவன் பலகையில் காட்டக்கூடியதைவிடக் கூடியதாக இருக்கலாம். மழை தின்ற ஆட்டங்களைக் கணக்கிட்டால் குறைந்ததாகவும் இருக்கலாம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோவைக் கழிப்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் எங்கள் மக்கள். தராசு காட்டும் எண்ணுக்கும் முதுகு சுமந்த பாரத்துக்கும் உள்ள தூரத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். இணையத் தரப்புள்ளியின் நம்பகக் குறைவு எல்லோரையும் ஒரே மாதிரிப் பாதிப்பதில்லை. சென்னையில் ஒரு பிள்ளைக்கு இணைய எண் பிழையாக இருந்தால் குடிமுழுகிப் போகாது. பயிற்சிக்கூடம் உண்டு, அடிக்கடி போட்டி உண்டு, ஃபிடே எண் உண்டு; ஒன்று பிழைத்தால் மற்றது திருத்தும். 2024 டிசெம்பரில் 18 வயதில் உலகச் சம்பியனான குகேஷ் அந்த நகரத்தில் விளைந்தவர். கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைக்கும் ஓரளவு அப்படியே. தோட்டத்துப் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரே எண்தான். அதை நம்பி மேலே தூக்கினால் விழுகிறான். நம்பாமல் தள்ளினால் அவனிடம் காட்ட வேறு எதுவும் இல்லை.

சிலர் கேட்கக்கூடும்: ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகத் திறந்த ஒரே கதவையும் ஏன் குறை சொல்கிறீர்கள்? குறை சொல்லவில்லை. அந்தத் தொலைபேசி இல்லாவிட்டால் அவன் இந்த ஆட்டத்தையே அறிந்திருக்க மாட்டான். உள்ளே போனவனுக்கு உட்கார ஒரு மேசை வேண்டும் என்கிறேன்.

போட்டி நடத்துவோருக்கும் பாடசாலைகளுக்கும் என் வேண்டுகோள் மூன்று. இணைய எண்ணை அழைப்பதற்குக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அணிக்குத் தெரிவு செய்யவோ ஒதுக்கவோ அதை அளவாக்காதீர்கள். கள்ளம் என்று ஐயம் வந்தால் நடுவரிடம் முறைப்படி சொல்லுங்கள். பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். முதல் முறை வரும் பிள்ளைக்கு, ஆட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, தொட்ட காய் விதியையும் மணிக்கூட்டையும் நகர்வு எழுதுவதையும் காட்டிக்கொடுங்கள்.

நாலாவது, வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கு. தோட்டப் பிள்ளைகளுக்கு டப்லெட் வாங்கி அனுப்பும் நல்ல மனம் உங்களில் பலருக்கு உண்டு. அந்தக் காசில் சில பலகைகளும் மணிக்கூடுகளும் வாங்கலாம். மீதியைப் பேருந்துச் செலவுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வைக்கலாம். முதல் ஃபிடே எண்ணைப் பெற, ஏற்கெனவே எண் பெற்றவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். தோட்டப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் எத்தனை போட்டி ஆடினாலும் அது வேர்ஜீனியாச் சிறைக்கதைதான். சரியான எண் பிறக்காது. ஆகவே இரத்தினபுரியிலோ கேகாலையிலோ போட்டி வைத்து, கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் தரப்புள்ளி பெற்ற ஆட்டக்காரர்களை அங்கே வரவழைக்க வேண்டும். மலையிலிருந்து பிள்ளைகள் இறங்கி வருவதையே எப்போதும் எதிர்பார்க்கக்கூடாது.

ஆசிரியரின் கேள்விக்கு அன்றே பதில் சொன்னேன். எண் பொய்யில்லை, அது வேறு தராசில் நிறுத்தது. பையன் பொய்யா இல்லையா என்பதைத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே எதிரில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். ஆசிரியரும் இளமையில் பாடசாலை அணியில் ஆடியவர். அவிசாவளைக்குப் போய் ஒரு மரப்பலகை வாங்கிவந்தார். பையனை வீட்டுக்கு வரவழைப்பதுதான் கடினமாக இருந்ததாம்; தாயைக் கொண்டு சொல்லவைத்து அழைத்திருக்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு ஆட்டம். ஆசிரியர் நான்கில் தோற்றார், ஒன்று சமநிலை. வென்ற ஒன்றும், பையன் தவறான காயைத் தொட்டதால் வந்தது. விதி விதிதான் என்று விட்டுக்கொடுக்கவில்லையாம்.

இதிலிருந்து அவனுடைய சரியான தரப்புள்ளி எத்தனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆசிரியரின் ஆட்டத்துக்கும் புள்ளி இல்லை. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் சிக்னல் இல்லை, இரண்டாவது திரை இல்லை. அங்கே ஆடியது பையன்தான்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இப்போது நகர்வுகளை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிப் பழகுகிறானாம். கையெழுத்து மோசம் என்று ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். பிறகுதான் அரசியலுக்குத் திரும்பினார்.